சிவப்புக் கவுண்டிகள் எல்லாம் ஒரே சிவப்பா? அமெரிக்க வாக்கு வரைபடம் பற்றி

வரைபடப்பித்தன்

ஒவ்வோர் அமெரிக்க அதிபர் தேர்தலுக்குப் பிறகும் அதே படம் நம் கண்முன் வருகிறது. நாடு முழுவதும் சிவப்பு, கடலோரங்களிலும் பெருநகரங்களிலும் நீலத் திட்டுகள். பார்த்தவுடன், நாட்டுப்புறம் குடியரசுக் கட்சிக்கு, நகரம் ஜனநாயகக் கட்சிக்கு என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அந்த ஒற்றை வரியை எதிர்த்துத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

80, 90 சதவீதம் ஒரே கட்சிக்குப் போடும் கவுண்டிகளை (மாநிலத்தின் உட்பிரிவு, நம் மாவட்டம் போல) மட்டும் எடுத்துக்கொள்வோம். டெக்சாஸின் வடகோடியில் இருக்கும் ராபர்ட்ஸ் கவுண்டியில் 2020இல் பதிவான 550 வாக்குகளில் 529 டிரம்புக்கு. அலபாமாவின் வின்ஸ்டன் கவுண்டியில் அதே ஆண்டு 90 சதவீதம். ஐயோவாவின் சூ கவுண்டியில் 80க்கு மேல். ஐடஹோவின் மேடிசன் கவுண்டியில் 2012இல் குடியரசுக் கட்சி வேட்பாளர் ராம்னிக்கு 93 சதவீதம். வரைபடத்தில் நான்கும் ஒரே அடர்சிவப்பு. ஆனால் அந்த நிறத்துக்கு நான்கும் வந்து சேர்ந்த வழி வேறு.

வின்ஸ்டனைப் பாருங்கள். வடக்கு அலபாமாவின் மலைப்பகுதி. மணல் கலந்த மண், பருத்தி சரியாக விளையாது. பருத்தித் தோட்டம் இல்லாத இடத்தில் அடிமைகளை வைத்திருந்தவர்களும் மிகச் சிலர். 1861இல் அலபாமா அமெரிக்க ஒன்றியத்திலிருந்து பிரிந்தபோது இந்த ஊர்க்காரர்கள் லூனி என்பவரின் விடுதியில் கூடி, மாநிலம் நாட்டிலிருந்து பிரியலாம் என்றால் கவுண்டியும் மாநிலத்திலிருந்து பிரியலாமே என்று வாதிட்டார்கள். "சுதந்திர வின்ஸ்டன் நாடு" என்ற பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. உள்நாட்டுப் போருக்குப் பிறகு தென்மாநிலங்கள் முழுவதும் ஜனநாயகக் கட்சியின் கோட்டையாக இருந்த காலத்திலும், லிங்கனின் கட்சி என்பதற்காகவே இவர்கள் குடியரசுக் கட்சிக்கு வாக்களித்தார்கள். அடிமை முறைக்காகப் போரிட மறுத்தவர்களின் பேரர்களும், அதற்காகப் போரிட்டவர்களின் பேரர்களும் இன்று ஒரே சின்னத்தில் குத்துகிறார்கள். வரைபடத்தில் இது தெரியாது.

கிழக்கு டென்னசி, கென்டக்கியின் ஜாக்சன் கவுண்டி, மேற்கு வர்ஜினியாவின் கிராண்ட் கவுண்டி எல்லாம் இதே வரிசை. கிராண்ட் என்ற பெயரே ஒன்றியப் படைத் தளபதி யுலிசீஸ் கிராண்டின் பெயர்தான். அந்தக் கவுண்டி உருவான 1866 முதல் இன்றுவரை அதிபர் தேர்தலில் ஒருமுறைகூட ஜனநாயகக் கட்சி அங்கே வென்றதில்லை. டென்னசியின் ஸ்காட் கவுண்டி ஒரு படி மேலே போய் 1861இல் தன்னைத் தனி மாநிலமாகவே அறிவித்துக்கொண்டது. அந்தத் தீர்மானத்தை 1986இல்தான் முறைப்படி திரும்பப் பெற்றார்கள்.

இந்தக் கவுண்டிகளின் வரலாறு தெரிந்தவர்கள், அங்கே வசிப்பவர்கள், எழுதுங்கள்.

---

எண்ணரசு

நல்ல தொடக்கம். வரலாற்றுக்குள் போவதற்கு முன் படத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் விவாதம் வழி தவறிவிடும்.

கவுண்டி என்பது சமமான அலகு அன்று. டெக்சாஸில் 254 கவுண்டிகள், கலிஃபோர்னியாவில் 58. டெக்சாஸின் லவிங் கவுண்டியில் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 64 பேர். லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டியில் ஒரு கோடி பேர். இரண்டும் வரைபடத்தில் தலா ஒரு கட்டம்.

நாட்டிலேயே டிரம்புக்கு அதிக வாக்குகள் தந்த இடங்களைத் தேடினால் ராபர்ட்ஸ் கவுண்டி கண்ணுக்கே தெரியாது. 2020இல் லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டியில் மட்டும் டிரம்புக்கு 11 லட்சத்து 45 ஆயிரம் வாக்குகள் விழுந்தன. வயோமிங் மாநிலம் முழுவதிலும் அவர் பெற்றது 1 லட்சத்து 93 ஆயிரம். அதாவது "நீல" லாஸ் ஏஞ்சலிஸில் இருந்த டிரம்ப் வாக்காளர்கள், "சிவப்பு" வயோமிங்கில் இருந்தவர்களைவிட ஏறக்குறைய ஆறு மடங்கு. மண்ணுக்கு வாக்குரிமை இல்லை, மனிதருக்குத்தான் என்பதை எப்போதும் மனதில் வைத்துக்கொண்டு படத்தைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. கவுண்டி அளவிலான எண்ணிலிருந்து தனிமனிதனைப் பற்றி முடிவு கட்டக் கூடாது. ஒரு கவுண்டியில் ஏழைகள் அதிகம், அங்கே குடியரசுக் கட்சிக்கு வாக்கு அதிகம் என்றால், ஏழைகள்தான் அந்த வாக்கைப் போட்டார்கள் என்று ஆகிவிடாது. அந்த ஊரின் ஏழைகள் வாக்களிக்கவே வராமல் இருந்திருக்கலாம்.

---

தென்றல்74

நான் நீண்ட நாளாகக் கேட்க நினைத்த கேள்வி இதுதான். எண்ணரசு சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் கென்டக்கி, மேற்கு வர்ஜினியா நிலக்கரிப் பகுதிகளில் அரசு உதவியை நம்பி வாழும் குடும்பங்கள் ஏராளம் என்று படிக்கிறோம். அந்த உதவிகளைக் குறைக்க வேண்டும் என்று சொல்லும் கட்சிக்கு அந்தப் பகுதிகள் இவ்வளவு திரண்டு வாக்களிப்பது ஏன்? தங்கள் நலன் எது என்று அவர்களுக்குத் தெரியவில்லையா?

---

பழைய நூலகர்

தென்றல், கேள்வி நியாயமானது. கடைசி வரியைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அந்த மக்களுக்குத் தங்கள் நலன் தெரியாது என்று தொலைவிலிருந்து சொல்வது எளிது. அவர்கள் எப்போது, எந்த வரிசையில் மாறினார்கள் என்று பார்த்தால் வேறு கதை கிடைக்கும்.

மேற்கு வர்ஜினியாவின் மெக்டவல் கவுண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 1950இல் அங்கே ஏறக்குறைய 99 ஆயிரம் பேர். நிலக்கரியின் உச்சம். 1960இல் கென்னடி அந்த மாநிலத்தில் பிரச்சாரம் செய்தபோது கண்ட வறுமை அவரை உலுக்கியது. அவர் பதவிக்கு வந்ததும் 1961இல் சோதனை முயற்சியாகத் தொடங்கிய உணவுச் சீட்டுத் திட்டத்தின் முதல் சீட்டுகளை வாங்கியது மெக்டவல் கவுண்டிக் குடும்பம்தான். சுரங்கத் தொழிலாளர் சங்கமும் ஜனநாயகக் கட்சியும் அங்கே ஒரே உடம்பாக இருந்தன. 2008இல்கூட ஒபாமாவுக்கு 53 சதவீதம் கொடுத்த ஊர் அது.

பிறகு நான்கே ஆண்டுகளில் கவிழ்ந்தது. 2012இல் ராம்னி எளிதாக வென்றார். 2016இல் டிரம்புக்கு நான்கில் மூன்று பங்கு. 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 19 ஆயிரம்.

இயந்திரமயம், மலிவான இயற்கை எரிவாயு, தீர்ந்துபோன நிலக்கரி அடுக்குகள் எல்லாம் வேலைகளைத் தின்றன. சுரங்கங்கள் ஆட்களைக் குறைத்தபோது சங்கமும் கரைந்தது. சங்கம் இருந்தவரை யாருக்கு வாக்களிக்க வேண்டும், ஏன் என்பதைச் சொல்ல ஊரில் ஓர் அமைப்பு இருந்தது. அது போன இடத்தில் தேவாலயமும் வானொலியும் தொலைக்காட்சியும் வந்தன. ஒபாமா அரசின் சுற்றுச்சூழல் விதிகள் சரியான நேரத்தில் ஒரு எதிரியைக் கொடுத்தன. சுரங்கம் மூடுவதற்கு விதிகள் மட்டும் காரணம் இல்லை என்பது உண்மை. ஆனால் வேலை இழந்தவனுக்கு எரிவாயு விலையை எதிர்த்து வாக்களிக்க முடியாது, அதிபரை எதிர்த்து முடியும்.

இன்னொரு செய்தியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2012 மே மாதம் மேற்கு வர்ஜினியாவில் ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தல். பதவியில் இருக்கும் அதிபர் ஒபாமாவை எதிர்த்து நின்றவர் கீத் ஜட், டெக்சாஸில் மத்திய சிறையில் தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்தவர். அவருக்கு 41 சதவீத வாக்கு விழுந்தது. அவருக்கு வாக்களித்தவர்களில் பெரும்பாலோர் ஜனநாயகக் கட்சியில் பதிவு செய்தவர்கள். மனம் எப்போதோ வெளியேறிவிட்டது, பதிவேட்டில் மட்டும் பெயர் தங்கியிருந்தது. அந்த மாநிலத்தில் குடியரசுக் கட்சியின் பதிவு எண்ணிக்கை ஜனநாயகக் கட்சியை முந்தியது 2021இல்தான். அதிபர் தேர்தலிலோ 2012 முதல் 55 கவுண்டிகளிலும் குடியரசுக் கட்சியே வெல்கிறது.

---

கரிசல்மண்

எல்லோரும் வெள்ளையர்களின் ஊர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் கொஞ்சம் எதிர்ப்பக்கம் நிற்கிறேன்.

வரைபடப்பித்தன் வின்ஸ்டன் கவுண்டியின் மணல் மண்ணைச் சொன்னார். அதே அலபாமாவில் தெற்கே வந்தால் கரிய மண் பட்டை ஒன்று குறுக்கே ஓடுகிறது. டைனோசர் காலத்தில், கிரெட்டேசியஸ் யுகத்தில், கடல் அதுவரை வந்து நின்றது. அந்தக் கடலடியில் படிந்த சுண்ணாம்பு பின்னால் வளமான கரிய மண்ணாக மாறியது. அங்கே பருத்தி செழித்தது. பருத்திக்காக அடிமைகளைக் கொண்டுவந்து குவித்தார்கள். அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே பெரும்பான்மை. கிரீன், மேக்கன் போன்ற கவுண்டிகள் ஜனநாயகக் கட்சிக்கு ஏறக்குறைய 80 சதவீதம் தருகின்றன. சிவப்புக் கடலுக்கு நடுவே வில்லாக வளைந்து தெரியும் அந்த நீலக் கோடு பழைய கடற்கரையேதான்.

ஆனால் அந்தக் கோடு நீலமானது மண்ணால் அன்று. 1965இல் வாக்குரிமைச் சட்டம் வரும்வரை அங்கே கருப்பின மக்கள் வாக்களிக்க முடியாமல் தடுக்கப்பட்டார்கள். அவர்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த கவுண்டிகளை ஒரு சில வெள்ளையர்களின் வாக்கு ஆண்டது. செல்மா நகரம் இருக்கும் டல்லஸ் கவுண்டி அந்தப் பட்டையில்தான் இருக்கிறது. அந்த ஊரின் எட்மண்ட் பெட்டஸ் பாலத்தில் 1965இல் ஊர்வலம் போன மக்கள் அடிபட்டது வாக்குச்சீட்டுக்காக.

எனவே ஒவ்வொரு கவுண்டிக்கும் தனி வரலாறு என்று சொல்லும்போது, தென்மாநிலங்களின் வாக்கை எல்லாவற்றையும்விட அழுத்தமாகப் பிரிக்கும் கோடு இனம் என்பதை மறைத்துவிடக் கூடாது. அலபாமாவிலும் மிசிசிப்பியிலும் ஒரு கவுண்டி 55க்கு 45 என்று "போட்டி நிலவும்" இடமாகத் தெரியும். உள்ளே போய்ப் பார்த்தால் போட்டியே கிடையாது. வெள்ளையர் தெரு பெரும்பாலும் ஒரு பக்கம், கருப்பர் தெரு ஏறக்குறைய முழுவதும் மறுபக்கம். கவுண்டியின் நிறம் அங்கே மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் நகல்தான்.

---

வரைபடப்பித்தன்

கரிசல்மண், நீங்கள் சொல்வதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. தென்மாநிலங்களில் இனமே முதல் கோடு. ஆனால் வெள்ளையர் மட்டுமே வாழும் இடங்களில் அந்தக் கோட்டை வைத்து எதையும் விளக்க முடியாதே? வின்ஸ்டனும், 1960களில் இனப்பிரிவினையை ஆதரித்த அலபாமா ஆளுநர் ஜார்ஜ் வாலஸுக்குப் பின்னால் திரண்ட அக்கம்பக்கத்துக் கவுண்டிகளும் ஒரு நூற்றாண்டு எதிரெதிர் கட்சிகளுக்கு வாக்களித்தன. பெரும்பான்மை இரண்டிலும் வெள்ளையர்.

டெக்சாஸிலும் அப்படி ஒரு பகுதி உண்டு. ஃப்ரெடெரிக்ஸ்பர்க் இருக்கும் கிலெஸ்பி கவுண்டியை ஜெர்மானியக் குடியேறிகள் 1840களில் உருவாக்கினார்கள். அவர்களில் பலர் பிரிவினையை எதிர்த்தார்கள். 1862இல் மெக்சிகோவை நோக்கித் தப்பிச் சென்ற ஜெர்மானிய ஒன்றிய ஆதரவாளர்களை நியுவெசஸ் ஆற்றங்கரையில் சுட்டுக் கொன்றார்கள். இறந்தவர்களின் எலும்புகளைப் போர் முடிந்ததும் எடுத்துவந்து, பக்கத்துக் கவுண்டியில் உள்ள கம்ஃபர்ட் ஊரில் அடக்கம் செய்து, ஜெர்மன் மொழியில் "ஒன்றியத்துக்கு விசுவாசம்" என்று பொறித்த நினைவுச்சின்னம் எழுப்பினார்கள். அது இன்றும் நிற்கிறது. ஜனநாயகக் கட்சி டெக்சாஸை ஆண்ட காலத்தில் கிலெஸ்பி பெரும்பாலும் அதற்கு எதிராகவே நின்றது. இத்தனைக்கும் ஜனநாயகக் கட்சி அதிபர் லிண்டன் ஜான்சனின் பண்ணை அதே கவுண்டியில்தான் இருக்கிறது. 1964இல் மண்ணின் மைந்தர் என்று அவருக்கு வாக்களித்தார்கள், அவருக்குப் பிறகு எந்த ஜனநாயகக் கட்சி வேட்பாளரும் அங்கே வென்றதில்லை.

---

ஐயோவா பனி

வணக்கம். நான் வடமேற்கு ஐயோவாவில் சூ கவுண்டிக்குப் பக்கத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன். அந்த ஊரைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் இருக்கிறது.

ஆரஞ்ச் சிட்டி, சூ சென்டர் என்ற இரண்டு சிற்றூர்கள். 1870இல் ஐயோவாவின் பெல்லா நகரத்திலிருந்து நிலம் தேடி வந்த டச்சுக்காரர்கள் அமைத்தவை. சீர்திருத்தத் திருச்சபை என்ற கால்வினியப் பிரிவைச் சேர்ந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை தெருவில் புல்வெட்டும் சத்தம்கூடக் கேட்காது. இரண்டு ஊரிலும் திருச்சபை சார்ந்த கல்லூரி உண்டு. மே மாதம் துலிப் திருவிழா, பெண்கள் டச்சு உடையில் தெருவைக் கழுவுவார்கள்.

இங்கே "பின்தங்கிய கிராமம்" என்ற சொல் பொருந்தவே பொருந்தாது. வீடுகள் ஒழுங்கு, வேலையின்மை மிகக் குறைவு, பன்றிப் பண்ணைகளும் பால் பண்ணைகளும் தொழிற்சாலைகளும் நிறைய. மேற்கு வர்ஜினியாவின் துயரத்தை வைத்து இந்தச் சிவப்பை விளக்க முயன்றால் கைக்கு ஒன்றும் வராது. இது வசதியான, தன்னம்பிக்கையுள்ள பழமைவாதம். கருக்கலைப்பு, குடும்பம், பள்ளிக் கல்வியில் திருச்சபையின் பங்கு ஆகியவைதான் அவர்களின் கேள்விகள்.

ஒரு செய்தி பலருக்குத் தெரிந்திருக்கும். நியூயார்க்கின் ஐந்தாவது அவென்யூவில் நின்று ஒருவரைச் சுட்டாலும் தனக்கு வாக்காளர் குறைய மாட்டார்கள் என்று டிரம்ப் 2016 ஜனவரியில் சொன்னது இந்த சூ சென்டரில், டோர்ட் கல்லூரி அரங்கில். அடுத்த மாதம் நடந்த காக்கஸில் (கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உள்ளூர்க் கூட்டங்கள்) அந்தக் கவுண்டி அவரை வெகுவாகப் பின்தள்ளியது. அதே கட்சியின் போட்டியாளர் டெட் குரூஸுக்குத்தான் முதலிடம். டிரம்பின் பேச்சும் வாழ்க்கைமுறையும் அவர்களுக்கு உவக்கவில்லை. ஆனால் நவம்பரில் அதே மக்கள் 80 சதவீதத்துக்கு மேல் அவருக்கே வாக்களித்தார்கள். உச்ச நீதிமன்ற நியமனம்தான் காரணம் என்று என்னுடன் வேலை பார்த்த பலர் சொன்னார்கள். அவர்கள் அதை யோசித்து, சிலர் வருத்தப்பட்டு, செய்தார்கள். நவம்பர் எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு அந்தத் தயக்கம் தெரிய வழியே இல்லை.

---

எண்ணரசு

ஐயோவா பனி சொன்னது முக்கியம். இதன் மறுபக்கம் ஐடஹோவின் மேடிசன் கவுண்டி. மார்மன் என்ற சமயப் பிரிவு மக்கள் மிக நெருக்கமாக வாழும் இடம், அவர்களின் பல்கலைக்கழகம் இருக்கும் ரெக்ஸ்பர்க் நகரம் அங்கேதான். 2012இல் மார்மன் வேட்பாளரான ராம்னிக்கு 93 சதவீதம். 2016இல் டிரம்புக்கு 57. இடையில் எங்கே போனது வாக்கு? சுயேச்சையாக நின்ற எவன் மக்மல்லின் என்ற மார்மன் வேட்பாளருக்கு 30 சதவீதம். ஹிலாரிக்குப் போனது மிகச் சொற்பம். 2020இல் டிரம்புக்கு 79.

ஒரே கவுண்டி, எட்டு ஆண்டுகளில் 93, 57, 79. கொள்கையில் அவர்கள் அசையவில்லை. வேட்பாளரின் ஒழுக்கம் பற்றி அவர்களுக்கு ஒரு கருத்து இருந்தது, அதைச் சொல்ல ஒரு வாய்ப்பு கிடைத்தபோது சொன்னார்கள். சூ கவுண்டி டச்சுக்காரர்களுக்கு அப்படி ஒரு மக்மல்லின் கிடைக்கவில்லை.

---

மேகலை, டல்லஸ்

நம்மவர்கள் அதிகம் வாழும் புறநகர்களைப் பற்றியும் பேச வேண்டும். நான் காலின் கவுண்டியில் இருக்கிறேன். ஃப்ரிஸ்கோ, பிளேனோ, மெக்கின்னி. 2012இல் ராம்னிக்கு 65 சதவீதம். 2020இல் டிரம்புக்கு 51. தகவல் தொழில்நுட்ப வேலைக்காக வந்த இந்தியக் குடும்பங்கள், அவர்களில் தமிழர்கள் கணிசம், கலிஃபோர்னியாவிலிருந்து வந்தவர்கள், எல்லாம் சேர்ந்து கவுண்டியை மாற்றிவிட்டார்கள் என்று அப்போது எல்லோரும் எழுதினார்கள். 2024இல் டிரம்புக்கு 54. போக்கு நேர்கோட்டில் போகவில்லை.

ஜார்ஜியாவின் ஃபோர்சைத் கவுண்டி என்னை இன்னும் அதிகமாக யோசிக்க வைக்கிறது. அங்கே என் அக்கா குடும்பம் இருக்கிறது. 1912இல் அந்தக் கவுண்டியிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட கருப்பின மக்களை வெள்ளையர் கும்பல்கள் மிரட்டி, எரித்து, விரட்டிவிட்டன. நிலமும் தேவாலயங்களும் போயின. அதற்குப் பிறகு முக்கால் நூற்றாண்டு அது ஏறக்குறைய வெள்ளையர் மட்டுமே வாழும் கவுண்டி. 1987இல் கருப்பின உரிமைத் தலைவர் ஒசேயா வில்லியம்ஸ் தலைமையில் ஊர்வலம் போனவர்கள்மீது கல்லும் பாட்டிலும் வீசினார்கள். அடுத்த வாரம் ஏறக்குறைய 20 ஆயிரம் பேர் திரும்பி வந்து நடந்தார்கள்.

இன்று அங்கே இரண்டரை லட்சத்துக்கும் மேல். ஆசிய வம்சாவளியினர் ஆறில் ஒரு பங்குக்கும் மேல், அவர்களில் இந்தியர்களே பெரும்பகுதி. 2012இல் ராம்னிக்கு 80 சதவீதம், 2020இல் டிரம்புக்கு 66. கவுண்டியின் தெற்குப் பகுதியில், நல்ல பள்ளிகளும் புதிய குடியிருப்புகளும் இருக்கும் இடத்தில், நம்மவர்கள் வாழ்கிறார்கள். வடக்கே போகப்போகப் பழைய ஃபோர்சைத். "66 சதவீதம்" என்ற எண் இந்த இரண்டு ஊர்களின் சராசரி. இங்கே வீடு வாங்கும் நம் மக்களில் எத்தனை பேருக்கு 1912 தெரியும்? தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆதங்கம்.

---

தென்றல்74

மேகலை அக்கா, 1912 எனக்குத் தெரியாது. நன்றி. படிக்கவே மனம் கனக்கிறது.

நூலகர் ஐயா, உங்கள் பதிலை இரண்டு முறை படித்தேன். "நலன் தெரியவில்லையா" என்று இனிக் கேட்க மாட்டேன். ஆனால் எண்ணரசு சொன்ன வாக்களிக்காதவர்கள் எங்கே இருக்கிறார்கள்? அதை யாராவது விளக்குங்கள்.

---

எண்ணரசு

கன்சாஸின் தென்மேற்கே போங்கள். டாட்ஜ் சிட்டி, கார்டன் சிட்டி, லிபரல். மாட்டிறைச்சித் தொழிற்சாலைகள் இயங்கும் நகரங்கள். அங்கே லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் ஏறக்குறைய பாதியோ அதற்கு மேலோ. டெக்சாஸில் ஹெரிஃபர்ட் நகரம் இருக்கும் டெஃப் ஸ்மித் கவுண்டியும் அப்படியே, அங்கே அவர்கள் பெரும்பான்மை. ஆனால் 2020இல் டெஃப் ஸ்மித் டிரம்புக்கு 70 சதவீதத்துக்கு மேல் கொடுத்தது.

இதில் இரண்டு காரணங்கள் கலந்திருக்கின்றன. லத்தீன் வாக்காளர்களில் ஒரு பகுதியினர் உண்மையாகவே குடியரசுக் கட்சியை ஆதரிக்கிறார்கள். மறுபுறம், குடியுரிமை இல்லாதவர்கள், வயது வராத பிள்ளைகள், பதிவு செய்யாதவர்கள் எல்லாம் மக்கள்தொகையில் உண்டு, வாக்குப்பெட்டியில் இல்லை. பெட்டிக்குப் போகும் வழியும் எல்லோருக்கும் ஒன்றாக இல்லை. 2018இல் டாட்ஜ் சிட்டியில் சுமார் 13 ஆயிரம் வாக்காளர்களுக்கு இருந்த ஒரே வாக்குச்சாவடியையும் நகர எல்லைக்கு வெளியே மாற்றினார்கள், பேருந்து நிறுத்தத்திலிருந்து வெகுதூரம் நடக்க வேண்டிய இடத்துக்கு. பெரிய சர்ச்சையாகி, வழக்கும் போட்டார்கள். இறைச்சிக் கூடத்தில் ஷிப்ட் முடிந்து வருபவர் அங்கே எப்படிப் போவார்?

ஒஹையோவின் ஹோம்ஸ் கவுண்டி வேறு ரகம். அங்கே ஏறக்குறைய பாதிப்பேர் ஆமிஷ் மக்கள், நவீன வசதிகளைத் தவிர்த்து வாழும் கிறித்தவப் பிரிவினர். அவர்களில் பெரும்பாலோர் வாக்களிப்பதே இல்லை, அது அவர்களின் சமய நம்பிக்கை. கவுண்டியின் 80 சதவீதச் சிவப்பில் ஆமிஷ் வாக்கு மிகக் கொஞ்சம்.

---

பழைய நூலகர்

வரைபடப்பித்தனின் தொடக்கக் கருத்துக்கே ஒரு கேள்வி. பல வரலாறுகள் என்றீர்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வரலாறுகள் இன்று வாக்கைத் தீர்மானிக்கின்றனவா, அல்லது கதையாக மட்டும் மிஞ்சியிருக்கின்றனவா?

கென்டக்கியின் எலியட் கவுண்டி 1869இல் உருவானது முதல் 2012 வரை ஒவ்வோர் அதிபர் தேர்தலிலும் ஜனநாயகக் கட்சிக்கே வாக்களித்தது. ஒரு தேர்தல்கூடத் தவறவில்லை. 2008இல் ஒபாமாவுக்கு 61 சதவீதம். வெள்ளையர் 95 சதவீதத்துக்கும் மேல் வாழும், மலைப்பாங்கான, ஏழைக் கவுண்டி. 2016இல் டிரம்புக்கு 70. அதே மாநிலத்தின் ஜாக்சன் கவுண்டி உள்நாட்டுப் போர்க் காலம் முதலே எதிர்ப்பக்கமான குடியரசுக் கட்சியின் கோட்டை. இன்று இரண்டும் ஒரே பக்கம். ஒக்லஹோமாவில் 1912இல் சோஷலிஸ்ட் வேட்பாளர் யூஜின் டெப்ஸுக்கு 16 சதவீத வாக்கு விழுந்தது, குத்தகை விவசாயிகள் போட்ட வாக்கு. 2004 முதல் அந்த மாநிலத்தின் 77 கவுண்டிகளில் ஒன்றுகூட ஜனநாயகக் கட்சிக்குப் போகவில்லை.

உள்நாட்டுப் போர், சுரங்கச் சங்கம், குத்தகை விவசாயம் எல்லாம் தனித்தனி ஓடைகளாக இருந்தன. கடந்த இருபது ஆண்டுகளில் எல்லாம் ஒரே ஆற்றில் விழுந்துவிட்டன. உள்ளூர்ச் செய்தித்தாள் மூடப்பட்டு, எல்லோரும் ஒரே தேசியத் தொலைக்காட்சியைப் பார்க்கும்போது, ஊர்க் கேள்வி போய் நாட்டுக் கேள்வி மட்டும் மிஞ்சுகிறது. பட்டப்படிப்பு இருக்கிறதா இல்லையா என்ற பிரிவும் சேர்ந்துகொண்டது.

---

வரைபடப்பித்தன்

நூலகர் ஐயா, அதிபர் தேர்தலுக்கு நீங்கள் சொல்வது பெரும்பாலும் சரி. ஆனால் அதோடு முடிந்துவிடவில்லை. கென்டக்கியின் லெட்ச்சர் கவுண்டி 2020இல் டிரம்புக்கு ஏறக்குறைய 80 சதவீதம் கொடுத்தது. 2022 ஜூலையில் பெருவெள்ளம் அந்தப் பகுதியை அடித்துப் போட்டது. ஆளுநர் ஆண்டி பெஷியர், ஜனநாயகக் கட்சிக்காரர், மீட்புப் பணிகளுக்குத் தொடர்ந்து அங்கே வந்துகொண்டிருந்தார். 2023 ஆளுநர் தேர்தலில் லெட்ச்சர் அவருக்கு வாக்களித்தது. அடுத்த ஆண்டு மறுபடியும் டிரம்ப். வீட்டு வாசலில் சேற்றோடு நின்றவரை மக்கள் கட்சி பார்த்து ஒதுக்கவில்லை.

டெக்சாஸின் ஸ்டார் கவுண்டியை இதற்கு எதிரில் வைக்கிறேன். ரியோ கிராண்டே ஆற்றங்கரை, மெக்சிகோ வம்சாவளியினர் 95 சதவீதத்துக்கும் மேல். நூற்றாண்டுக்கும் மேலாக ஜனநாயகக் கட்சிக்கே போட்டது. 2016இல் ஹிலாரிக்கு 79, 2020இல் பைடனுக்கு 52, 2024இல் டிரம்புக்கு ஏறக்குறைய 58. எட்டே ஆண்டுகளில் இவ்வளவு பெரிய நகர்வு. எல்லைக் காவல் வேலை, எண்ணெய் வயல் வேலை, விலைவாசி, கருக்கலைப்பு, அங்கே ஜனநாயகக் கட்சி ஆண்டாண்டு காலம் எவரையும் தேடிப் போகாதது என்று பல காரணம் சொல்கிறார்கள். எனக்குக் கடைசிக் காரணம்தான் கனமாகப் படுகிறது. ஒரு கட்சி தன் கோட்டை என்று நினைத்து வராமல் போன இடங்கள் எல்லாமே இப்படித்தான் போயின. மெக்டவலும் அதில் ஒன்று.

---

கரிசல்மண்

அந்தக் கடைசி வரியை நான் முழுமனதோடு ஏற்கிறேன். கருப்பு மண் பட்டையிலும் அதே கோபத்தை இப்போது கேட்கலாம். எங்கள் வாக்கை எடுத்துக்கொள்கிறீர்கள், எங்கள் மருத்துவமனை மூடப்படும்போது எங்கே போனீர்கள் என்று. அங்கே மக்கள் இன்னும் கட்சி மாறவில்லை. வாக்களிக்க வருவதைக் குறைத்துக்கொள்கிறார்கள்.

சிவப்புக் கவுண்டிகளுக்கு நடுவே இருக்கும் பூர்வகுடி நிலங்களையும் விட்டுவிடாதீர்கள். தெற்கு டகோட்டாவின் ஓக்லாலா லகோட்டா கவுண்டி, பைன் ரிட்ஜ் காப்பு நிலம். 2020இல் பைடனுக்கு 88 சதவீதம். எல்லை தாண்டிய அடுத்த பண்ணைக் கவுண்டி நேர் எதிர்.

---

மேகலை, டல்லஸ்

ஒரு நடைமுறைச் செய்தி, டெக்சாஸில் இருப்பவர்களுக்காக. இங்கே வாக்காளர் பதிவில் கட்சி என்ற பத்தியே கிடையாது. மார்ச் மாத உட்கட்சித் தேர்தலில் எந்தக் கட்சியின் சீட்டு வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொள்ளலாம், ஒன்று மட்டும். ராபர்ட்ஸ் போன்ற கவுண்டியில் ஷெரிஃப், கவுண்டி நீதிபதி, ஆணையர் யார் என்பது மார்ச்சிலேயே முடிவாகிவிடும், நவம்பரில் பல இடங்களுக்கு எதிர் வேட்பாளரே இருக்க மாட்டார். அங்கே பைடனுக்கு வாக்களித்த 17 பேரில் யாராவது தங்கள் ஊர்ச் சாலையைப் பற்றியோ பள்ளியைப் பற்றியோ குரல் கொடுக்க விரும்பினால், குடியரசுக் கட்சியின் சீட்டைத்தான் கேட்டு வாங்க வேண்டும். காலின் கவுண்டியில் எங்கள் தெருவிலும் சிலர் அப்படித்தான் செய்கிறார்கள். மார்ச்சுக்கான வாக்காளர் பதிவு பிப்ரவரித் தொடக்கத்தில் முடிந்துவிடும், குடியுரிமை பெற்ற நம்மவர்கள் நவம்பர் வரை காத்திருக்காமல் ஜனவரியிலேயே பெயரைச் சேர்த்துவிடுங்கள்.